தகவல் கோட்பாட்டை முதுநிலையில் படிப்பது எப்படி: 'முடியும்' பாதியும் 'முடியாது' பாதியும்

முதுநிலையில் தகவல் கோட்பாடு எடுத்த பருவத்தில், பாதித் தூரம் வந்தபோதே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ட்ரோபி (ஒரு செய்தியில் சராசரியாக எத்தனை பிட் தகவல் இருக்கிறது என்ற அளவு) சூத்திரம் மனப்பாடம். செய்திகளைச் சுருக்கும் குறியீட்டைத் தருகிற ஹஃப்மன் மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். செய்தி போகிற, இரைச்சல் கலந்த பாதைதான் சேனல்; எந்தச் சேனலைக் கொடுத்தாலும் கொள்ளளவை, அதாவது அதில் நம்பகமாக அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்பதை, கணக்குப் போட்டு அடிக்கோடு இட்டு விடுவேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சரி, இவ்வளவு அனுப்பலாம்னு காட்டிட்டே. இதுக்கு மேல போகவே முடியாதுன்னு எப்படிச் சொல்றே?" கையில் சாக்பீஸோடு பலகையைப் பார்த்தபடி நின்றேன். அவ்வளவுதான் அன்றைய தேர்வு.

இளநிலைப் பாடத்துக்கும் முதுநிலைப் பாடத்துக்கும் நடுவில் இருப்பது அந்தக் கேள்வி. இந்தத் துறையின் ஒவ்வொரு பெரிய தேற்றமும் இரண்டு பாதிகளால் ஆனது. இவ்வளவு செய்ய முடியும் என்று ஒரு பாதி காட்டும். அதற்கு மேல் யாராலும், எந்தக் கணினியாலும், எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் முடியாது என்று இன்னொரு பாதி காட்டும். முதல் பாதியை அச்சீவபிலிட்டி என்பார்கள், இரண்டாவதைக் கான்வர்ஸ் என்பார்கள். மாணவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாவதைத் தேர்வுக்கு முந்தைய இரவுக்குத் தள்ளி வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தள்ளி வைத்தேன். கீழே நான் சொல்கிற வரிசை, இரண்டு பாதியையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போகிற வரிசை.

இறங்குவதற்கு முன்

உண்மையான முன்தேவை நிகழ்தகவு ஒன்றுதான். அது கைவசம் இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்து, ஒரு வெள்ளைத் தாளில் மார்க்கோவ் அசமன்பாட்டை எழுதுங்கள். அதிலிருந்து செபிஷேவ் அசமன்பாட்டுக்கு வாருங்கள். அங்கிருந்து, காசைப் பலமுறை சுண்டினால் சராசரி எதிர்பார்ப்பு மதிப்பை நெருங்கும் என்கிற பேரெண் விதிக்கு வாருங்கள். அரைப் பக்கம் போதும். வந்துவிட்டால் நீங்கள் தயார். தடுமாறினால், தகவல் கோட்பாட்டை இரண்டு வாரம் ஒத்திவைத்து நிகழ்தகவைத் தூசி தட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பின்னால் ஆறு வாரம் மிச்சமாகும். இதோடு ஜென்சன் அசமன்பாடு, நிபந்தனை எதிர்பார்ப்பு, மார்க்கோவ் சங்கிலி ஆகியவையும் வேண்டும். நிகழ்தகவின் ஆழமான கணித அடித்தளமான மெஷர் தியரி முதல் சுற்றுக்குத் தேவையில்லை. அதைக் கற்றபிறகுதான் இதைத் தொடுவேன் என்று காத்திருந்து கடைசிவரை தொடாமலே போனவர்களை எனக்குத் தெரியும்.

புத்தகம் ஒன்று போதும். பெரும்பாலான துறைகளில் பாடநூலாக இருப்பது கவரும் தாமஸும் எழுதியது. 1991இல் வந்தது, 2006இல் இரண்டாம் பதிப்பு கண்டது. அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். பொறியியலைவிட இயந்திரக் கற்றல் பக்கம் சாய்வு இருந்தால், டேவிட் மெக்கே 2003இல் வெளியிட்ட புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதை அவர் இணையத்திலேயே படிக்க இலவசமாக விட்டிருக்கிறார். வகுப்பு கிடைக்காதவர்களுக்கு என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இருக்கின்றன. மேசையில் ஐந்து புத்தகம் அடுக்கி வைத்தால் ஐந்துக்கும் முன்னுரை மட்டும்தான் படிப்போம்.

அப்புறம், இந்தத் துறையைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானனின் மூலக் கட்டுரை. பெல் ஆய்வகத்தின் இதழில் 1948 ஜூலையிலும் அக்டோபரிலும் இரண்டு பகுதியாக வந்தது. முதல் வாரமே அதன் தொடக்கப் பக்கங்களைப் படியுங்கள், புரிகிறவரை போதும். பருவம் முடியும்போது முழுவதையும் இன்னொரு முறை படியுங்கள். கட்டுரையாக வந்தபோது தலைப்பில் 'ஒரு கணிதக் கோட்பாடு' என்றுதான் இருந்தது. அடுத்த ஆண்டு புத்தகமானபோது அந்த 'ஒரு' காணாமல் போய்விட்டது. படித்து முடித்தால் அது ஏன் என்று புரியும்.

படி 1: என்ட்ரோபியைக் கையால் பிடியுங்கள்

நான்கு செய்திகள் இருக்கின்றன. அவற்றின் நிகழ்தகவுகள் முறையே 1/2, 1/4, 1/8, 1/8. நான்குக்கும் இரண்டிரண்டு பிட் கொடுத்தால் சராசரி 2. அடிக்கடி வருவதற்கு ஒரு பிட், அடுத்ததற்கு இரண்டு, கடைசி இரண்டுக்கும் மும்மூன்று என்று கொடுத்தால் சராசரி 1.75. என்ட்ரோபியைக் கணக்கிட்டுப் பாருங்கள் (ஒவ்வொரு நிகழ்தகவையும் அதன் தலைகீழியின் 2-அடிமான லாகரிதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்), அதுவும் மிகச்சரியாக 1.75. இது 'முடியும்' பாதி.

இப்போது பேராசிரியர் கேள்வி. 1.7இல் முடிக்க முடியாதா? இங்கேதான் கிராஃப்ட் அசமன்பாடு வருகிறது. குறுகிய குறியீடுகளை இஷ்டத்துக்கு அள்ளிக்கொள்ள முடியாது, மொத்தத்துக்கு ஒரு பட்ஜெட் இருக்கிறது என்பதுதான் அது சொல்வது. ஒரு பிட் குறியீடு பட்ஜெட்டில் பாதியை விழுங்கும், இரண்டு பிட் குறியீடு கால்வாசியை விழுங்கும். பட்ஜெட்டோடு, சார்பு என்ட்ரோபி ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதைச் சேர்த்தால் மூன்று வரியில் 'முடியாது' வந்துவிடும். அந்தக் கடைசி உண்மையை, அதாவது இரண்டு பரவல்களுக்கு நடுவே உள்ள குல்பாக்–லைப்லர் அளவு எதிர்மறை ஆகாது என்பதை, ஜென்சனிலிருந்து நீங்களே வருவியுங்கள். இந்தப் பாடத்தில் எந்த 'முடியாது'வைத் தோண்டிப் பார்த்தாலும் அடியில் பெரும்பாலும் இதுதான் உட்கார்ந்திருக்கும்.

ஹஃப்மன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எம்ஐடியில் ராபர்ட் ஃபானோவின் வகுப்பில் இறுதித் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்றிருந்தது. மிகச் சிறந்த குறியீட்டைக் கண்டுபிடிப்பது கட்டுரைக்கான பணி. ஃபானோ மேலிருந்து கீழே பிரித்துப் பார்த்திருந்தார், அது எப்போதும் சிறந்ததைத் தராது. மாணவர் டேவிட் ஹஃப்மன் கீழிருந்து மேலே கட்டினார். 1952இல் அது அச்சானது. மரம் கட்டுவது பத்து நிமிட வேலை. அதைவிடச் சிறந்த மரம் இல்லை என்ற நிரூபணத்தைத்தான் நீங்கள் எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்தப் படியில் ஒரு பள்ளம் உண்டு. பாடநூல்கள் என்ட்ரோபிகளை வட்டங்களாக வரைந்து, இரண்டு வட்டம் வெட்டிக்கொள்ளும் இடத்தை மியூச்சுவல் இன்ஃபர்மேஷன், அதாவது பொதுத் தகவல், என்று காட்டும். இரண்டு மாறிகள்வரை படம் பொய் சொல்லாது. மூன்றாவது வட்டத்தை வரைந்தால் காலை வாரிவிடும். எக்ஸ், ஒய் இரண்டும் தனித்தனியாகச் சுண்டிய நேர்மையான காசுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இசட் 0, வேறு வேறானால் 1. எக்ஸுக்கும் ஒய்க்கும் பொதுத் தகவல் பூஜ்யம். ஆனால் இசட் என்னவென்று யாராவது காதில் சொல்லிவிட்டால், எக்ஸைப் பார்த்ததுமே ஒய் தெரிந்துவிடும். நிபந்தனையோடு பார்த்தால் பொதுத் தகவல் முழுதாக ஒரு பிட். மூன்று வட்டமும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியின் பரப்பு கழித்தல் ஒன்று! 'கூடுதலாக ஒன்று தெரிந்தால் பொதுத் தகவல் குறையத்தானே செய்யும்' என்று மனசு சொல்லும்போதெல்லாம் இந்த எக்ஸ், ஒய், இசட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு தமிழ்க் கோப்பை எடுத்துச் சுருக்குங்கள்

ஷானன் 1951இல் அச்சு ஆங்கிலத்தை ஆராய்ந்து, நீண்ட சூழல் தெரிந்தால் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.3 பிட்தான் தகவல் இருக்கிறது என்று மதிப்பிட்டார். பாடநூலில் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நமக்கு நம் மொழியே சோதனைச்சாலை.

ஒரு லட்சம் குறியுருக்கள் (கணினி தனித்தனியாகச் சேமிக்கும் எழுத்து, கால், கொம்பு, புள்ளி போன்றவை) கொண்ட தமிழ் உரையை எடுங்கள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவுக்கும் 3 பைட், அதாவது 24 பிட். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டமோ மொத்தமே 128 இடங்கள்தான். ஆக எந்தப் புள்ளியியலும் பார்க்காமலே 7 பிட்டில் எழுதிவிடலாம். இப்போது பைதானில் இருபது வரி எழுதி, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணி என்ட்ரோபியைக் கணக்கிடுங்கள். இன்னும் இறங்கும். முந்தைய குறியுரு தெரிந்த நிலையில் அடுத்ததன் என்ட்ரோபியைக் கணக்கிடுங்கள். கால், கொம்பு போன்ற ஒரு உயிர்மெய்க் குறியின் பின்னால் இன்னொரு உயிர்மெய்க் குறி வராது என்ற ஒன்றே எவ்வளவு இறக்குகிறது என்று பாருங்கள்.

இதற்குமேல் இலக்கணம் கைகொடுக்கும். பள்ளியில் மெய்ம்மயக்கம் படித்திருப்போம். ஒரு சொல்லுக்குள் க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் அதே எழுத்துதான் வரும். பக்கம், பச்சை, பத்து, பருப்பு. தகவல் கோட்பாட்டின் மொழியில் சொன்னால், சொல்லுக்கு நடுவே 'க்' வந்துவிட்டால் அடுத்த மெய்யின் நிபந்தனை என்ட்ரோபி பூஜ்யம். சக்தி, பக்தி போன்ற வடசொற்கள் வந்து அதைக் கொஞ்சம் கெடுக்கும், அதனால் பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிற்கும். 'அதைக் கேட்டான்' என்பதில் மிகுகிற 'க்', அடுத்த சொல்லின் முதல் எழுத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வல்லினம் மிகும் இடங்களை நன்னூல் நோக்கில் சலிப்போடு படித்த எனக்கு, அது ஒரு பிழைகாணும் குறியீடு மாதிரி வேலை செய்கிறது என்று புரிந்த அன்று அந்தப் பாடத்தின்மேல் இருந்த கோபம் போயிற்று.

கடைசியாக அதே கோப்பைச் சாதாரண ஜிப் நிரலில் சுருக்கி, நீங்கள் கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஜிப்புக்கு அடியில் இருப்பது 1977இல் லெம்பெலும் சிவும் கொடுத்த யோசனை. மொழியின் புள்ளியியலை முன்னரே தெரிந்துவைத்திருக்காமல் போகிற போக்கில் கற்றுக்கொள்கிறது. அது எப்படி என்ட்ரோபியை எட்டுகிறது என்ற நிரூபணத்தை முதல் சுற்றில் தாண்டிவிடலாம்.

படி 3: டிபிக்கல் செட்

தலை விழும் வாய்ப்பு 0.1 உள்ள கோணல் காசை 1000 முறை சுண்டுகிறோம். மிக அதிக வாய்ப்புள்ள ஒற்றை விளைவு எது? ஆயிரமும் பூ. அதன் நிகழ்தகவு ஏறக்குறைய 10^-46. நூறு தலை, தொள்ளாயிரம் பூ என்று விழும் ஏதாவது ஒரு குறிப்பிட்ட வரிசையின் நிகழ்தகவு 10^-141 அளவில்தான் இருக்கும், கற்பனை செய்ய முடியாத அளவு சின்னது. ஆனாலும் நிஜத்தில் நீங்கள் பார்க்கப்போவது இரண்டாவது வகையைத்தான். அந்த வகையில் சுமார் 2^469 வரிசைகள் இருக்கின்றன, ஆயிரமும் பூ என்பது ஒன்றே ஒன்றுதான். கூட்டம் ஜெயித்துவிடுகிறது. இந்தக் கூட்டத்தைத்தான் டிபிக்கல் செட் என்பார்கள்.

இந்த 469 எங்கிருந்து வந்தது? அந்தக் காசின் என்ட்ரோபி 0.469 பிட், ஆயிரத்தால் பெருக்கினால் 469. பேரெண் விதியை நிகழ்தகவின் லாகரிதத்துக்குப் பொருத்தினால் இது ஒரு வரியில் விழுந்துவிடும். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்தகவே ஒரு சமவாய்ப்பு மாறியாக ஆகிறது என்பது முதலில் தலையைச் சுற்ற வைக்கும். சுற்றட்டும். எண்களைப் போட்டுப் பார்த்தால் நின்றுவிடும்.

படி 4: சேனல் தேற்றம், மூன்று முறை

பாடத்தின் நடுமேடை இதுதான். பருவத்தில் மூன்று வாரத்தை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

ஒரு சேனலில் போகிற ஒவ்வொரு பிட்டும் 0.11 வாய்ப்பில் புரண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.11ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதன் என்ட்ரோபி ஏறக்குறைய அரை பிட், அதை ஒன்றிலிருந்து கழித்தால் வரும் கொள்ளளவும் அரை. 1000 பிட் அனுப்பினால் சுமார் 110 புரளும். எந்த 110 என்பதற்கு ஏறக்குறைய 2^500 வழிகள். அதாவது ஒரு செய்திக்காக நீங்கள் அனுப்பும் பிட் வரிசையான ஒவ்வொரு கோட்வேர்டையும் சுற்றி, அது போய்ச் சேரக்கூடிய 2^500 வரிசைகள் கொண்ட ஒரு மேகம் இருக்கிறது. மறுமுனையில் வரக்கூடிய மொத்த வரிசைகளே 2^1000தான். மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருக்க வேண்டும் என்றால், அதிகபட்சம் 2^500 மேகங்களை அடைக்கலாம். ஆகவே 500 பிட்டுக்கு மேல் முடியாது.

சரி, 480 முடியுமா? ஷானன் செய்ததுதான் வேடிக்கை. நல்ல குறியீட்டைத் தேடவே இல்லை. 2^480 கோட்வேர்டுகளையும் காசு சுண்டித் தேர்ந்தெடு என்றார். வந்து சேர்ந்த வரிசையைச் சுற்றி அதே அளவு மேகம் ஒன்றை வரையுங்கள். அனுப்பாத வேறொரு கோட்வேர்டு தற்செயலாக அதற்குள் விழும் வாய்ப்பு 2^500ஐ 2^1000ஆல் வகுத்தால் வருவது, அதாவது 2^-500. அப்படி 2^480 பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்தாலும் 2^-20, பத்து லட்சத்தில் ஒன்று. சராசரியாகவே குறியீடுகள் நல்லவை என்றால், நல்ல குறியீடு ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

மேலே நான் சொன்னதில் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை அடைப்பதுதான் உங்கள் வீட்டுப்பாடம். 110 என்பது சராசரி, நிஜத்தில் பத்து முப்பது கூடக்குறைய வரும். ஆயிரம் நீளத்தில் அது பெரிய விஷயம், 480 அவ்வளவு சுலபத்தில் கிட்டாது. நீளம் கூடக்கூட அந்த ஏற்ற இறக்கம் விகிதத்தில் கரைந்துபோகும். நிரூபணங்களில் வரும் எப்சிலான் என்ற சின்ன விட்டுக்கொடுப்பு எங்கே, ஏன் நுழைகிறது என்று அப்போது தெரியும். அடுத்து, சராசரிப் பிழை குறைவு என்று நிறுவிவிட்டோம், மோசமான கோட்வேர்டின் பிழை? மோசமான பாதியைத் தூக்கி எறியுங்கள். பாதி போனால் எவ்வளவு நஷ்டம்? ஒரே ஒரு பிட். ஆயிரத்தில் ஒன்று. இதைப் பார்த்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது ஓட்டை பெரியது. மேகங்கள் கொஞ்சம் படிந்தாலும் பரவாயில்லை, சிறிய பிழையைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால்? அங்கேதான் ஃபானோவின் அசமன்பாடு தேவைப்படுகிறது. பிழை குறைவு என்றால், மறுமுனையில் இருப்பவருக்குச் செய்தியைப் பற்றி மிச்சமிருக்கும் ஐயமும் குறைவாகத்தான் இருந்தாக வேண்டும். ஐயம் குறைய வேண்டுமானால் சேனல் வழியாக அவ்வளவு தகவல் வந்திருக்க வேண்டும், சேனலோ கொள்ளளவுக்கு மேல் கொடுக்காது. இப்படிக் கிடைப்பது பலவீனக் கான்வர்ஸ். கொள்ளளவைத் தாண்டினால் பிழை பூஜ்யத்துக்குப் போகாது என்பதுதான் அது சொல்வது. பிழை ஒன்றை நோக்கியே போய்விடும் என்று உல்ஃபோவிட்ஸ் 1957இல் காட்டியது வலுவான கான்வர்ஸ். இரண்டையும் குழப்பிக்கொள்வது தேர்வுகளில் வழக்கமாக நடப்பது.

ஏன் மூன்று முறை என்கிறேன் என்றால், முதல் முறை புத்தகத்தைப் பார்த்து எழுதுவீர்கள். ஒரு வாரம் கழித்து, தேற்றத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் புரியவில்லை. மூன்றாவது முறை பலகையில், நண்பர் ஒருவர் முன்னால். அவர் 'ஏன்?' என்று கேட்பதற்காக மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் விடுதியில் இருவர் குழு ஒன்றுதான் தாக்குப்பிடித்தது. ஐந்து பேர் சேர்ந்தால் பஜ்ஜி வாங்கவே நேரம் சரியாக இருக்கும்.

பயிற்சிக் கணக்குகளுக்கும் ஒரு வார்த்தை. விடைத்தொகுப்பு எல்லார் லேப்டாப்பிலும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஒரு கணக்கோடு நாற்பது நிமிடம் மல்லுக்கட்டாமல் அதைத் திறக்காதீர்கள். திறந்தால், முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

படி 5: குறியீடுகளைக் கட்டிப் பாருங்கள்

தொலைபேசியில் பெயர் சொல்லும்போது 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன', 'சின்ன ர', 'பெரிய ற' என்கிறோம். எல்லா எழுத்துக்கும் இந்த அடைமொழி கொடுப்பதில்லை. குழப்பம் வரும் இடத்தில் மட்டும் கூடுதல் அசைகளைச் செலவழிக்கிறோம். நல்ல குறியீடு செய்வதும் இதைத்தான். ஒன்றையே மூன்று முறை கத்துவது மோசமான குறியீடு.

1950இல் வந்த ஹேமிங் குறியீட்டிலிருந்து தொடங்குங்கள். 4 தகவல் பிட்டோடு 3 சோதனை பிட் சேர்த்து 7. நூற்றில் ஒரு பிட் புரளும் சேனலில் 4 பிட்டை அப்படியே அனுப்பினால் தவறிப்போகும் வாய்ப்பு 3.9 சதவீதம். ஹேமிங் போட்டு அனுப்பினால் 0.2 சதவீதம். நிரல் எழுதி லட்சம் முறை ஓட்டி இந்த இரண்டு எண்ணும் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பிழை உங்கள் நிரலில்தான்.

அடுத்து, நேராகப் போலார் குறியீட்டுக்குத் தாவுங்கள் என்பேன். துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் எர்தால் அரிக்கான் கண்டுபிடித்து 2009இல் வெளியிட்டது. இன்று 5ஜியின் கட்டுப்பாட்டுச் சேனல்களில் ஓடுகிறது. அதன் மூளையை ஒரு காகிதத் துண்டில் பார்த்துவிடலாம். அனுப்பிய பிட் பாதி வாய்ப்பில் அழிந்துபோகும் சேனல் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பியில் இரண்டு பிட்டின் கூட்டல் (1+1 என்றால் 0), இரண்டாவது கம்பியில் இரண்டாம் பிட். முதல் பிட்டை மீட்க இரண்டு கம்பியும் பிழைத்திருக்க வேண்டும், ஆக அது தொலையும் வாய்ப்பு 0.75. முதல் பிட் தெரிந்தபிறகு இரண்டாம் பிட்டுக்கு ஏதாவது ஒரு கம்பி போதும், தொலையும் வாய்ப்பு 0.25. இரண்டு சுமாரான சேனல்கள் ஒரு மோசமானதாகவும் ஒரு நல்லதாகவும் பிரிந்துவிட்டன. சராசரி இன்னும் 0.5தான், எதுவும் வீணாகவில்லை. இன்னொரு சுற்று சுற்றினால் 0.9375, 0.5625, 0.4375, 0.0625. பத்துச் சுற்றில் 1024 சேனல்கள். வரிசைப்படுத்தி வரைபடம் போடுங்கள். பெரும்பாலானவை ஒன்றின் ஓரத்திலோ பூஜ்யத்தின் ஓரத்திலோ ஒதுங்கிக் கிடக்கும். நல்லவற்றில் தகவலை வை, மோசமானவற்றில் பூஜ்யத்தை வை. ஷானன் காசு சுண்டி 'இருக்கிறது' என்று மட்டும் காட்டியதை, அறுபது ஆண்டு கழித்து ஒருவர் கையில் எடுத்துக் கொடுத்தார்.

நடுவில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். ராபர்ட் கேலகர் 1960இல் தன் எம்ஐடி ஆய்வேட்டில், ஒவ்வொரு சோதனையும் சில பிட்டுகளை மட்டுமே தொடும் எல்டிபிசி குறியீடுகளைக் கொடுத்தார். அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமை, முப்பது ஆண்டுபோல ஓரத்தில் கிடந்தது. 1993இல் பிரான்சிலிருந்து டர்போ குறியீடுகள் வந்து ஷானன் எல்லையை உரசிய பிறகுதான், கேலகருடையதைத் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று 5ஜியின் தரவுச் சேனலில் இருப்பது எல்டிபிசி.

படி 6: தொடர் மாறிகள், காசியன் சேனல்

இங்கே வேகமாகப் போகலாம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. தொடர் மாறிகளுக்கு வரும் டிஃபரன்ஷியல் என்ட்ரோபியைப் பழைய என்ட்ரோபியின் தம்பி என்று நினைக்காதீர்கள். 0க்கும் 0.5க்கும் நடுவே சமமாகப் பரவிய மாறிக்கு அது கழித்தல் ஒரு பிட். மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றினால் விடையும் மாறும். தனியாக அதற்குப் பெரிய அர்த்தமில்லை, இரண்டின் வித்தியாசமாக வரும்போதுதான் நம்பலாம்.

மணி வடிவப் பரவல் கொண்ட இரைச்சல் வந்து சேரும் காசியன் சேனலில், சைகையின் ஆற்றல் இரைச்சலைவிட 15 மடங்கு இருந்தால் ஒரு பயன்பாட்டுக்கு 2 பிட். 3 பிட் வேண்டும் என்றால் 63 மடங்கு. ஒரு பிட் கூட்ட ஆற்றலை ஏறக்குறைய நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது. ஒரு பிட்டுக்கான ஆற்றலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் -1.59 டெசிபெலுக்குக் கீழே போனால் எந்தக் குறியீடும் வேலை செய்யாது என்பதை நீங்களே வருவித்துப் பாருங்கள், அந்த எண்ணுக்குள் 2இன் இயல் லாகரிதம் ஒளிந்திருக்கும். எவ்வளவு சிதைவைப் பொறுத்துக்கொண்டால் எவ்வளவு சுருக்கலாம் என்று சொல்லும் ரேட்–டிஸ்டார்ஷன் இதன் கண்ணாடிப் பிம்பம். சேனல் நிரூபணம் உண்மையில் புரிந்திருந்தால் இது ஒரு வாரத்தில் முடியும். முடியவில்லை என்றால் படி 4க்குத் திரும்புங்கள்.

படி 7: கிளையைத் தேர்ந்தெடுப்பது

அடிப்படை முடிந்ததும் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி வரும். இரண்டுக்கு மேற்பட்டவர்கள் பேசிக்கொள்ளும் வலையமைப்புகள் ஒரு கிளை. 1973இல் ஸ்லெபியனும் உல்ஃபும் காட்டியது, ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேர் தனித்தனியாகச் சுருக்கினாலும், சேர்ந்து சுருக்கிய அளவுக்கே சுருக்கலாம் என்பது. முதலில் கேட்டால் நம்பவே மாட்டீர்கள். அதே கிளையில், நடுவில் ஒரு உதவியாளர் மட்டும் நிற்கும் ரிலே சேனலின் கொள்ளளவு பொதுவாக இன்றுவரை தெரியாது. 'முடியும்' பாதியில் எத்தனையோ உத்திகள் இருக்கின்றன, 'முடியாது' பாதி அவற்றோடு வந்து சேரவில்லை.

புள்ளியியல், இயந்திரக் கற்றல் பக்கம் போனால் ஃபானோ கூடவே வருவார். இவ்வளவு மாதிரிகளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு எந்த அல்காரிதமும் கற்க முடியாது என்று காட்ட அதே அசமன்பாடுதான் கருவி. குறுகிய நீளக் குறியீடுகள் பிடித்தால் போலியான்ஸ்கி, பூர், வெர்டு ஆகியோரின் 2010 கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். 1000 நீளத்தில் 480 ஏன் கிட்டாது என்று மேலே விட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. குவாண்டம், ரகசியம் காத்தல் இரண்டும் தனி உலகங்கள். வழிகாட்டி யார் என்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் கிளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

படி 8: ஆய்வுக் கட்டுரை படிப்பது

ஐஇஇஇயின் தகவல் கோட்பாட்டு இதழும், ஆண்டுதோறும் நடக்கும் ஐஎஸ்ஐடி மாநாடும், கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்கைவ் தளமும் போதும். புதிய கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை படிக்காதீர்கள். தேற்றத்தைப் பாருங்கள். அதில் மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒட்டுகின்றனவா, இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் அதை எழுதி ஒரு நோட்டில் வையுங்கள். ஆய்வுத் தலைப்பு பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்துதான் கிடைக்கும்.

அப்படி ஒரு இடைவெளியின் கதை: ஐந்து எழுத்துகள் வட்டமாக நிற்கின்றன. 1ஐ அனுப்பினால் 1ஆகவோ 2ஆகவோ போய்ச் சேரும், 2ஐ அனுப்பினால் 2 அல்லது 3, இப்படியே 5ஐ அனுப்பினால் 5 அல்லது 1. பிழையே வரக்கூடாது. ஒரு எழுத்து அனுப்பினால் இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், உதாரணமாக 1, 3. இரண்டு எழுத்தாகச் சேர்த்து அனுப்பினால் 2 × 2 = 4 என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் 11, 23, 35, 42, 54 என்ற ஐந்தையும் குழப்பமே இல்லாமல் அனுப்பலாம். எந்த இரண்டை எடுத்தாலும் ஏதாவது ஒரு இடத்தில் தெளிவாகப் பிரியும். ஷானன் 1956இல் இதைக் காட்டினார். ஆக ஒரு எழுத்துக்கு √5 முடியும். அதைவிட மேலே முடியாது என்று லோவாஸ் நிரூபித்தது 1979இல். ஐந்து புள்ளிகளுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள்.

ஏழு புள்ளிகளுக்கு விடை இன்னும் யாருக்கும் தெரியாது. ஒரு மாலை நேரம் இருந்தால் ஏழு எழுத்தை வட்டமாக வரைந்து, இரண்டிரண்டாக அனுப்பிப் பாருங்கள். ஒன்பது கோட்வேர்டு உடனே வந்துவிடும், பத்தாவதுக்குக் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டும். பதினொன்று வராது. ஏன் வராது என்பதற்கு நான்கு வரி நிரூபணம் இருக்கிறது: முதல் எழுத்து 1 அல்லது 2 என்று தொடங்கும் கோட்வேர்டுகள் அதிகபட்சம் எத்தனை இருக்கலாம் என்று எண்ணுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.